நின்ன எடத்துல நில்லுங்க

என் பழைய நாட்குறிப்பு ஒன்றில் இப்படி இருக்கிறது: "மாசி மகம். புதுச்சேரி. லாரியில் போனவர்கள் முப்பத்தெட்டு. திரும்பியவர்கள் முப்பத்தேழு. காலையில் மூடுபனி." அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அடுத்த நான்கு பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன.

மழை பெய்தால்கூட மணி பார்த்து எழுதிவைக்கிறவன் நான். இருந்தும் அந்தப் பயணத்தின் ஆண்டை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நாட்குறிப்பின் அட்டையையும் முதல் பக்கங்களையும் கரையான் தின்றுவிட்டது. உள்ளே எழுதப்படாத தபால் கார்டு ஒன்று இருக்கிறது. அதில் விலை நயா பைசாவில் அச்சாகியிருக்கிறது. ஆகவே 1957க்கு முன்னால் இருக்க முடியாது. 1964ஐ அதிகம் தாண்டியிருக்கவும் வாய்ப்பில்லை. இதற்கு மேல் நெருங்க முடியவில்லை. எந்த நாள் என்பதில் சந்தேகமே இல்லை. மாசி மகம் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். அது முக்கியமான விஷயம் என்று பின்னால்தான் புரிந்தது.

எங்களைக் கூட்டிக்கொண்டு போன பெண்ணைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவருடைய பிள்ளைகள் இன்னும் வெள்ளக்கடைப் பக்கம் இருக்கிறார்கள். எஸ்டேட்டில் எல்லோரும் அவரை அக்கா என்றார்கள்; அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

சேலத்துக்கு மேலே மலையில், நாகலூருக்குக் கிழக்கே இருந்த அந்தக் காப்பி எஸ்டேட்டில் நான் கணக்கு எழுதும் இளைய ரைட்டராக இருந்தேன். சேலத்துக்காரன். மலை ஏறிய மூன்றாம் நாளே மஞ்சில் மாட்டிக்கொண்டேன். பனிமூட்டத்தை அங்கே மஞ்சு என்பார்கள். தபாலாபீசிலிருந்து குறுக்குவழியில் திரும்பிக்கொண்டிருந்தேன். பாதை தெரியவில்லை, என் செருப்பும் தெரியவில்லை. நடந்தால் எங்காவது போய்ச் சேருவோம் என்று நடந்தேன்.

எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. "ஏனுங்க, ஆருங்க அது? நின்ன எடத்துல நில்லுங்க."

நின்றேன். ஏன் நின்றேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அதட்டும் குரல் அல்ல அது. சத்தம் போட்டதாகவும் தெரியவில்லை. ஆனால் காலைப் பிடித்து வைத்தது போல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு குச்சி முனை என் காலுக்கு முன்னால் தரையைத் தட்டியது. அதற்குப் பின்னால் சிவப்புக் கண்டாங்கிச் சேலை, வெற்றிலைச் சிவப்பில் ஒரு வாய், நாற்பது வயது இருக்கும் ஒரு பெண்.

"புது ரைட்டருங்களா? பட்டணத்துக் காலு, முன்னால போயித்தான் பாக்கும்" என்றார். பிறகு குச்சியை எனக்கு முன்னால் நீட்டிக் கீழே தட்டினார். அந்த முறை சத்தம் வரவில்லை. எனக்கு இரண்டடி முன்னால் தரை முடிந்திருந்தது.

எஸ்டேட்டின் கீழ் எல்லை முழுவதும் அப்படித்தான். காப்பிச் செடிகள் ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று பாறை முடிந்து பள்ளம். வேலி கிடையாது. அதனால் காப்பிப் பழம் எடுக்கும் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மஞ்சு இறங்கியதும் அக்கா கூவுவார்: "நின்ன எடத்துல நில்லுங்க, நான் வாறேன்." ஒவ்வொருத்தியும் பதில் கொடுப்பாள். பதில் கொடுத்த பிறகு ஓரடி அசையக் கூடாது. குரல்கள் எந்தெந்தத் திசையில் வந்தன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, குச்சியைத் தட்டித் தட்டி, அக்கா ஒவ்வொருத்தியாய்ப் போய்ச் சேர்ப்பார். முதலில் கிடைத்தவள் அக்காவின் முந்தானையைப் பிடிப்பாள், அடுத்தவள் அவளுடைய முந்தானையை. கடைசியில் இருபது பெண்கள் ஒரே கயிறு போல மஞ்சுக்குள்ளிருந்து வெளியே வருவார்கள். நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்த்த ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருந்திருக்கிறது.

எஸ்டேட் பதிவேட்டின்படி அவர் மேஸ்திரி அல்ல. மேஸ்திரி என்று ஓர் ஆண் இருந்தார். அவர் பதிவேட்டில் இருந்தார். அக்கா காட்டில் இருந்தார்.

நில் என்ற சொல் அவருடைய எல்லாப் பேச்சிலும் இருந்தது. வீட்டுக்கு யாராவது வந்தால் "வாங்க" என்பதற்கு முன்னால் "நில்லுங்க" வந்துவிடும். அடுப்பில் பால் பொங்கினாலும் "நில்லு சாமி" என்று பாலிடம் சொல்வார். அவர் கணவர் பழம் பிழியும் மிஷினில் வேலை செய்தார், அதிகம் பேசாதவர். ஒரு பொங்கலன்று மட்டும் என்னிடம் சொன்னார்: "தாலி கட்டறன்னைக்கு மாலையோட நில்லுன்னாளுங்க. இன்னும் ஒக்காரச் சொல்லல."

அக்கா உள்ளேயிருந்து, "ஒக்காந்தா எந்திரிக்க மாட்டீங்க, அதுதான்" என்றார்.

ஒருமுறை, மரம் வெட்ட வந்த வெளியூர்க் கூலியாள் ஒருவன் மஞ்சில் அவர் கூவியதைக் கேட்டும் நடந்தான். பொம்பளை சொல்லி நிற்பதா என்று நினைத்திருக்கலாம். பாறையிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அக்காதான். சேலம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் அவனுக்குக் கஞ்சி ஊட்டினார். ஊட்டிக்கொண்டே சொன்னார்: "நின்னிருந்தா காலு இருந்திருக்கும், இல்லீங்களா?" அவன் அழுதுகொண்டே தலையாட்டினான். அவர் முகத்தில் அப்போது கோபம் இல்லை. ஒரு நிறைவு இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் சொல்லை யாரும் மீறவில்லை.

ராசம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கொட்டச்சேட்டிலிருந்து பழனிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண். இருபது வயதுக்கு மேல் இருக்காது. பழனி எஸ்டேட் லாரியில் கிளீனர். ஒரு கார்த்திகை மாதக் காலை மஞ்சு இறங்கியது, அக்கா கூவினார், பெண்கள் பதில் கொடுத்தார்கள். அவர் ஒவ்வொருத்தியாய்ச் சேர்த்துக்கொண்டிருந்தபோது, மிஷினில் கணவரின் விரல் மாட்டிக்கொண்டதாக ஆள் ஓடிவந்தது. அக்கா கையில் இருந்தவர்களை மேலே விட்டுவிட்டு ஓடினார். ராசம்மா மட்டும் பாக்கி. அவளை மறந்துவிட்டார்.

பத்தரை மணிக்கு மஞ்சு விலகி வெயில் வந்தது. இதை என் குறிப்பிலிருந்தே சொல்கிறேன். பாதை, செடி, தூரத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளின் தகரக் கூரை எல்லாம் தெரிந்திருக்கும். மாலை ஐந்தரைக்குப் பழனி தேடிக்கொண்டு போனபோது அவள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் கட்டிய பழப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"வெயிலு வந்து எத்தன நேரமாச்சு. வர வேண்டியதுதானே?" என்று கேட்டிருக்கிறான்.

"அக்கா வல்லீங்களே" என்றாள்.

லைனில் எல்லோரும் சிரித்தார்கள். மாராயி என்றொரு பெண். வாயாடி, எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள். "ஏம்புள்ள, உன்னையப் புடிச்சுக் கோயிலுக்கு முன்னால வெச்சுப்புட்டா, செலை செய்யற செலவு மிச்சம்" என்றாள். ராசம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. அவள் கால்களைச் சுடுதண்ணீரில் வைத்துத் தேய்த்துவிட்டார். பிறகு அவள் தலையைத் தடவி, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இவ ஒருத்தி போதும் எனக்கு."

மறந்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. அவளிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. அன்று இரவு என் நாட்குறிப்பில், "வெயில் வந்த பிறகும் ராசம்மா ஏழு மணி நேரம் நின்றாள்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

பழம் எடுத்து முடிந்த மாசியில் எங்காவது போய்வர எஸ்டேட் முதலாளி லாரி கொடுத்தார். மாசி மகத்தன்று கடலில் குளிக்க வேண்டும் என்பது பெண்களின் ஆசை. அவர்களில் ஒருத்தியும் கடலைப் பார்த்ததில்லை. புதுச்சேரி என்று சொன்னவன் நான். அந்தத் துறைமுகத்தைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

விடியற்காலையில் கிளம்பி மாலை வெயிலில் போய்ச் சேர்ந்தோம். சுண்ணாம்பு பூசிய உயரமான மதில்கள், நூல் பிடித்தது போன்ற தெருக்கள், சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர்கள், கடற்கரையில் பழைய கலங்கரை விளக்கம். புயலில் இடிந்துபோன இரும்புப் பாலத்தின் தூண்கள் கடலுக்குள் வரிசையாக நின்றன. ஒரு காலத்தில் கப்பல் சரக்கெல்லாம் அந்தப் பாலத்தின் வழியாகத்தான் இறங்கியது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை. பெண்கள் கடலைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி முந்தானையை ஒருத்தி பிடித்தபடி நின்றார்கள். மஞ்சு இல்லை, வெட்டவெளி. ஆனாலும் பிடித்திருந்தார்கள்.

"ஏனுங்க ரைட்டரு, இதுக்கு அந்தப் பக்கம் எந்த ஊருங்க?" என்று அக்கா கேட்டார்.

"ரொம்ப தூரம் தண்ணிதான்க்கா. அப்புறம் பர்மா."

அவர் கால் மணி நேரம் அலையைக் கவனித்தார். கரையில் குச்சியால் ஒரு கோடு போட்டு, அலை எதுவரை வருகிறது என்று பார்த்தார். கோட்டைத் தொட்டது, திரும்பிப் போனது, மறுபடி தொட்டது.

"நம்ம ஓடைத் தண்ணியாட்டம் இல்லீங்க" என்றார். "ஓடை மழைக்குப் பெருகுனா ஆள இழுத்துக்கிட்டே போயிரும். இது வந்த வழியே திரும்பிப் போயிருது. நல்ல தண்ணிதான்."

மலையில் நாற்பது வருஷம் தண்ணீரைப் பார்த்தவரின் கணக்கு அது. மழை இல்லாமல், சத்தமில்லாமல், நேரம் பார்த்து உயரும் தண்ணீரை அவர் கண்டதில்லை. நான் படித்திருந்தேன். எனக்கும் அப்போது தோன்றவில்லை.

இரவு சத்திரத்தில் தங்கினோம். மறுநாள் தீர்த்தவாரி நடக்கும் இடத்தில் கூட்டம் தாங்காது, தெற்கே ஆறு கடலில் விழும் இடத்துக்குப் போனால் நிம்மதியாகக் குளிக்கலாம் என்று யோசனை சொன்னவனும் நான்தான். அது பொய்யல்ல. ஆனால் பக்கத்தில்தான் அரிக்கமேடு. ரோமாபுரிக் கப்பல்கள் வந்துபோன இடம். குளியல் முடிந்ததும் அதைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. ஆற்று வாய்க்கு நடுவே நீளமாக ஒரு மணல்திட்டு. இடையில் ஓடிய வாய்க்காலில் முழங்கால் அளவுதான் தண்ணீர். அக்கா குச்சியால் ஆழம் பார்த்துக்கொண்டே முதலில் கடந்தார். ஆண்கள் இந்தக் கரையிலேயே குளித்தார்கள். பழனி சாலையில் லாரிக்குக் காவலாக இருந்தான். திட்டில் பெண்களுக்கு மறைவாக இருக்கும் என்று ஆறு பேரை முதலில் கொண்டுபோய் விட்டார். மாராயியும் ராசம்மாவும் அதில் இருந்தார்கள். மற்றவர்களைக் கூட்டிப்போக இந்தப் பக்கம் திரும்பி வந்தார்.

அப்போதுதான் ஆற்றின் மேலிருந்து பனி வந்தது. மலை மஞ்சு மேலிருந்து இறங்கும். இது தண்ணீரோடு ஊர்ந்து வந்தது. சில நிமிடங்களில் திட்டும் இல்லை, பெண்களும் இல்லை, கடலும் இல்லை. அலையின் சத்தம் மட்டும் இருந்தது.

கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் எழுந்து வந்தார். எங்களைவிட வயதானவர். "திட்டுல ஆளுங்க இருக்குதா? ஓதம் ஏறுது சார். பௌர்ணமித் தண்ணி. உடனே ஓடியாரச் சொல்லுங்க" என்றார்.

வாய்க்காலைப் பார்த்தேன். அக்கா கடந்தபோது வெளியே தெரிந்த ஒரு கட்டை இப்போது தெரியவில்லை.

அக்கா ஏற்கெனவே வாயின் இருபுறமும் கையை வைத்திருந்தார். "நின்ன எடத்துல நில்லுங்க" என்று கூவினார். "நான் வாறேன்."

"நிக்கச் சொல்லாதம்மா" என்றார் மீனவர். "ஓடியாரச் சொல்லு. இன்னும் கொஞ்ச நேரத்துல திட்டே இருக்காது."

"மஞ்சுல நடந்தா போயிருவாங்கய்யா" என்றார் அக்கா. அவரைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. "உங்களுக்குத் தெரியாது."

"மலையில வேணா அப்படி இருக்கும். இது கடலும்மா."

அக்கா இரண்டாம் முறையும் அதையே கூவினார். எனக்கும் குரல் இருந்தது. ஓடி வாருங்கள் என்று நான் கத்தியிருக்கலாம். மலையில் அவரால் பிழைத்தவன் நான். அவர் சொன்ன பிறகு வேறு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் நின்ற இடத்தில் நின்றேன்.

மீனவர் கட்டுமரத்தைத் தள்ள ஓடினார். அக்கா குச்சியோடு தண்ணீரில் இறங்கினார். இடுப்பளவு வந்ததும் பனி அவரை மூடியது.

சற்று நேரம் கழித்து, எதிர்பாராத இடத்தில், எங்களுக்குத் தெற்கே நூறடி தள்ளி, மாராயி கரையேறினாள். அவள் பின்னால் நான்கு பெண்கள், முந்தானையைப் பிடித்தபடி, கழுத்துவரை நனைந்து. பனிக்குள் அக்காவும் அவர்களும் ஒருவருக்கொருவர் தெரியாமல் கடந்திருக்கிறார்கள். ஐந்து பேர். நான் எண்ணிவிட்டு மறுபடி எண்ணினேன்.

கட்டுமரம் திரும்பி வந்தபோது அதில் அக்கா மட்டும் இருந்தார். மார்பளவு தண்ணீரில் ராசம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவரை மீனவர் இழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். எட்டரைக்குப் பனி விலகியது. திட்டு இருந்த இடத்தில் நுரை மட்டும் இருந்தது. மூன்று நாள் தேடினோம். உடல் கிடைக்கவில்லை.

மாராயி பின்னால் என்னிடம் சொன்னது இது. சொன்னபோது அவள் பேச்சில் பழைய துடுக்கு இல்லை.

"கால் நனைஞ்சப்பவே நான் போலாம்னேனுங்க. அக்கா கூப்புட்டாலும் யாரும் பதில் குடுக்காதீங்கன்னேன். குடுத்துட்டா நிக்கோணுமில்லீங்களா? ராசம்மா கையப் புடிச்சு இழுத்தேன். 'அக்கா வருவா, நீங்க போங்க'ன்னு உருவிக்கிட்டா. சிரிச்சாளுங்க. நொம்ப பயந்தாலும் அவ சிரிப்பா."

அதன் பிறகும் அக்கா வேலைக்கு வந்தார். அடுத்த மழைக்காலத்தில் முதல் மஞ்சு இறங்கிய நாள் நான் மேட்டில் இருந்தேன். அவர் கூவினார். அதே சொல், அதே குரல். ஒருத்தியும் பதில் கொடுக்கவில்லை. செடிகள் அசையும் சத்தம் மட்டும் நாலா பக்கமும் கேட்டது. அவரவர் வழியைத் தடவிக்கொண்டு எல்லோரும் நடந்துகொண்டிருந்தார்கள். அன்று யாரும் பள்ளத்தில் விழவில்லை என்பது வெறும் அதிர்ஷ்டம். அக்கா மறுபடி கூவவில்லை. மஞ்சு விலகும்வரை பாறை ஓரத்தில், பெண்களுக்கும் பள்ளத்துக்கும் நடுவே, குச்சியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால், ஊர் திரும்பிய பதினாறாம் நாள் நடந்தது. உடல் இல்லாமலே காரியம் செய்தார்கள். அது முடிந்ததும் பழனி மொட்டைத் தலையோடு அக்காவின் வீட்டு வாசலுக்கு வந்தான். சண்டை வருமோ என்று நானும் மேஸ்திரியும் பின்னாலேயே போனோம்.

அவன் சண்டை போடவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கோணுங்க" என்றான். "நீங்க கூப்புட்டப்ப என்ர ராசம்மா என்ன சொன்னா? பதில் வந்துச்சுங்களா, இல்லைங்களா?"

அவன் கேட்டதன் பொருள் அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். பதில் வரவில்லை என்றால், கூப்பிடுவதற்கு முன்பே அலை அவளைக் கொண்டுபோயிருக்கலாம். அப்படியானால் யார் மேலும் குற்றமில்லை. வந்தது என்றால், அந்த நிமிடம் அவள் உயிரோடு, கடக்கக்கூடிய தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்தாள். இந்தக் குரலுக்காக நின்றாள். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். மேஸ்திரி அக்காவைப் பார்த்து, இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்பது போல் இலேசாகத் தலையை அசைத்ததையும் கண்டேன்.

அக்கா எழுந்து நின்றார். முதல் முறையாக அவர் ஒருவரிடம் "ஒக்காருங்க" என்றார். பழனி உட்காரவில்லை.

"வந்துச்சு சாமி" என்றார். "'நிக்கிறேனுங்க்கா'ன்னா."

பழனி திரும்பிப் போய்விட்டான். அந்த வாரமே எஸ்டேட்டை விட்டும் போனான்.

அக்கா அன்று கரையில் நின்று கூவியபோது நான் அவருக்குப் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். எனக்கு எந்தப் பதிலும் கேட்கவில்லை. ஆனால் அலைச் சத்தம் பெரிதாக இருந்தது. அவருடைய காது மஞ்சில் பழகியது, என்னுடையது அப்படியல்ல. கரையில் இருந்த மற்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கரையேறிய ஐந்து பேரையும் தனித்தனியாகக் கேட்டேன். பின்னால் ஒரு குரல் கேட்டது என்று மூன்று பேர் சொன்னார்கள். கேட்கவில்லை என்று மாராயியும் இன்னொருத்தியும். அந்த மீனவருக்குக் கடிதம் எழுதினேன். கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை என்று யாரையோ கொண்டு பதில் எழுதியிருந்தார். அக்காவிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. சாகும்வரை அவர் தன் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை என்று அவர் மகன் சொன்னார். கேட்டதைச் சொன்னாரா, பழியை ஏற்றுக்கொள்வதற்காகச் சொன்னாரா, தன் சொல்லைக் கடைசிவரை கேட்ட ஒருத்தி இருந்தாள் என்று நிலைநாட்டுவதற்காகச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. அந்தப் பதில் திட்டிலிருந்து வந்தது என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.